பின்னால் வரும் வீடு

மலையைப் பார்க்கவென்று கூட்டி வந்த மனிதர் காலையிலிருந்து பக்கக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கோசலாவுக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. கல்கரியில் வீட்டு வாசலை விட்டு வெளிக்கிட்டபோதே தொடங்கிய வேலை. பிக்கப்பின் பின்னால் கொளுவியிருக்கிற ட்ரெய்லர், கட்டிலும் அடுப்பும் குளியலறையும் உள்ள, சில்லு வைத்த ஒரு சின்ன வீடு, அது நேராக வருகிறதா, கோட்டுக்குள் வருகிறதா, கதவு பூட்டித்தான் இருக்கிறதா என்று குணநாயகம் தலையை முழுதாகத் திருப்பி வலப்பக்கக் கண்ணாடியைப் பார்ப்பார், பிறகு முழுதாகத் திருப்பி றோட்டைப் பார்ப்பார், பிறகு இந்தப் பக்கம் திருப்பி அவள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற கையைப் பார்ப்பார், பிறகு மறுபடி கண்ணாடி. தலையைத் திருப்பாமல் அவரால் இப்போது எதையும் பார்க்க முடியாது. கண்ணின் ஓரங்கள் போய்விட்டன. நடுவில், ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல ஒரு வட்டம் மட்டும் மிச்சம், அந்த வட்டமும் சுருங்கும் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டாள். எப்போது என்று கேட்டதற்கு, ஏதாவது பார்க்க ஆசை இருந்தால் இந்தக் கோடையிலேயே பார்த்துவிடுங்கள் என்றாள், நல்ல பிள்ளை, மெதுவாகத்தான் சொன்னாள். கோசலாவைவிட நன்றாக இங்கிலிஷ் தெரிந்த குணநாயகம், விளங்காதவர்போல அவளைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகு, மலை பார்க்கவேண்டும் என்றார். இருபது வருடத்துக்கு மேல் பெரிய லொறி ஓட்டி, இந்த மலைகளைக் குறுக்கறுத்து வான்கூவருக்கும் திரும்பிக் கல்கரிக்குமாக அலைந்த மனிதர் கேட்கிற விசயமா இது.

"நீங்கள் பாக்காத மலையே?" என்று அவள் கேட்டாள்.

"நான் எங்க பாத்தனான்? நான் றோட்டைத்தான் பாத்தனான்."

அந்தச் சொல் அவளுக்குள் போய் எங்கேயோ மாட்டிக்கொண்டது, எடுத்தால் வரவில்லை, விட்டால் குத்தியது. பாத்திரம் கழுவும்போது குத்தியது, படுக்கும்போது குத்தியது, இப்போது இந்த ஏற்றத்தில் எஞ்சின் மூச்சிரைத்துக்கொண்டு இழுக்கும்போதும் குத்துகிறது. உலகத்தின் அந்த மூலையிலிருந்து விமானம் ஏறி வந்து ஆட்கள் வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போகிற மலை, இவர் அதன் வயிற்றுக்குள்ளால் மழையிலும் பனியிலும் போய் வந்திருக்கிறார், முன்சில்லுக்கு முன்னால் கிடக்கிற கொஞ்சத் தாரை மட்டும் பார்த்துக்கொண்டு. சரி, அப்போது கையில் ஸ்டியரிங் இருந்தது, பின்னால் ஊர்ப்பட்ட பாரம் இருந்தது, பார்க்கவில்லை. இப்போது என்ன கேடு? ஸ்டியரிங் அவளிடம். பாரம் அவளுடையது. சும்மா இருந்து பார் என்று முழு மலையையும் வலப்பக்க யன்னலில் கொண்டுவந்து வைத்தாயிற்று, மனிதர் கண்ணாடியைப் பார்க்கிறார். இடைக்கிடை வலது காலை முன்னால் ஊன்றி இல்லாத பிரேக்கை மிதிக்கிறார். அவளுக்கு விளங்காமல் இல்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து இவர்கள் வீட்டில் ஒரு வழக்கம், யாரும் சட்டம் போடாத வழக்கம், இருவரும் ஒன்றாக வெளிக்கிட்டால் கார்த் திறப்பு அவர் கைக்குப் போய்விடும். அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். உறைந்த றோட்டில், இன்னும் விடியாத காலையில், ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். அந்த பஸ்ஸை அவர் மஞ்சள் பெட்டி என்பார். மஞ்சள் பெட்டியை நிறுத்திவிட்டு வந்து, தன் சொந்தக் காரில், சொந்தப் புருசனுக்குப் பக்கத்தில் ஏறும்போது அவள் தானாகவே ஸ்டியரிங் இல்லாத வலப்பக்கக் கதவைத் திறப்பாள். கோபம் வந்ததா? சத்தியமாக வரவில்லை. அப்படியொரு விசயம் இருக்கிறதென்றே தெரியவில்லை, அவருடைய லைசன்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கடிதம் வந்த நாள்வரை. அன்றைக்கு இரண்டு பேரும் கார் கதவடியில் போய் நின்று, யார் எந்தப் பக்கம் ஏறுவது என்று தெரியாமல், புது மாப்பிள்ளை பொம்பிளை மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அதிகம் மிதியாதையும், சூடேறப்போகுது," என்றார் அவர் இப்போது, சூடு காட்டுகிற ஊசி இருக்கிற இடத்தைத் தலை திருப்பித் தேடிக்கொண்டு. ஊசி நடுவில்தான் நின்றது. அவள் ஓம் என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டால் பாதிக் கரைச்சல் முடிந்துவிடும் என்பது சம்சாரத்தில் அவள் படித்தது. மலை காலையில் தொலைவில் ஒரு நீலக்கோடாகக் கிடந்தது, பிறகு கோடு பற்களானது, பிறகு ஒரு வளைவு திரும்பியதும் முன்கண்ணாடி முழுக்கக் கல்லாகிவிட்டது, வானத்துக்கு இடமில்லை. அவள் வலிகாமத்தில் பிறந்தவள். அங்கே கீரிமலை என்று ஒரு இடம் உண்டு, பெயரில்தான் மலை, போனால் கடலும் கேணியும் நிற்கும். உயரம் என்றால் பனை, அதற்கு மேலே கோபுரம், அதற்கும் மேலே ஒன்றுமில்லை, வானம். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இதை எப்படி அளப்பது? கோபுரத்துக்கு மேல் கோபுரமாக அடுக்கிப் பார்த்தாள், பாதிக்குக்கூட வரவில்லை, அதற்குள் றோட்டு வளைந்தது, கண்ணை எடுக்கவேண்டியதாயிற்று. அதுதான் சங்கதி. ஓட்டுகிறவளுக்கு மலை முழுதாகக் கிடைப்பதில்லை. ஒரு மூலையில் பனி வழிந்த ஒரு தோள், கண்ணாடியில் ஒரு கணம் ஒரு கொடுமுடி, நீர்வீழ்ச்சியோ வெள்ளைக் கல்லோ என்று முடிவு செய்யமுதல் ஓடிப்போகிற ஒரு கோடு. இப்படித் துண்டு துண்டாகக் கிடைத்ததற்கே கையெடுத்துக் கும்பிடவேண்டும்போல இருந்தது, கை ஸ்டியரிங்கில் இருந்தது. இவ்வளவு பெரிய ஒன்று, ஒருவரும் பார்க்காத இரவிலும் இப்படியே நின்றிருக்கிறது என்பதை நினைத்தாள். அந்த இரவுகளில் அவர் கீழே போயிருக்கிறார். ஃபோன் எடுத்து, ஏற்றம் தொடங்குது, இனி லைன் வராது, நீர் படும் என்பார், லைன் போய்விடும். அவள் படுக்கமாட்டாள். குசினியில் லைட்டைப் போட்டுக்கொண்டு இருப்பாள், ஒன்றும் செய்யாமல், அடுப்பைத் துடைத்தபடி. இத்தனை வருடமும் அவளுக்கு மலை என்றால் ஃபோன் வேலை செய்யாத நேரம், அவ்வளவுதான், அதற்கு நிறமோ உயரமோ இருந்ததில்லை. அது இதுவா? இந்தக் கல்லுக்கும் பனிக்கும் நடுவிலா இந்த மனிதர் தன்னந்தனியே போய்க்கொண்டிருந்தார்? அவளுக்குத் திடீரென்று அவர்மேல் பாசமும், ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று ஆத்திரமும் ஒன்றாக வந்தன. என்னத்தைச் சொல்லுவார். றோட்டைத்தானே பார்த்தார்.

பின்னால் வருவது என்ன செய்கிறது என்று அவளும் பார்த்தாள். வந்துகொண்டுதான் இருந்தது. பள்ளிக்கூட பஸ்ஸில் பாரம் வாய் பேசும், அடிபடும், பாட்டுப் பாடும், டீச்சர் இவன் கிள்ளுறான் என்று அவளை டீச்சராக்கும். இந்தப் பாரம் வாயே திறக்காது. ஏற்றத்தில் பின்னால் இழுக்கும், சமதரையில் இருக்கிற இடம் தெரியாது, ஒரு பள்ளத்தில் விழுந்தெழும்பினால் மட்டும் முதுகில் ஒருமுறை தட்டும், நான் இருக்கிறன் என்று. ட்ரெய்லர் யோகராசாவுடையது. யோகராசா தங்கமான மனிதர், இரவல் கேட்டதும் தந்துவிட்டார், அவருடைய மனுசி பத்மினிதான் வாசலில் நின்று, கட்டில் மெத்தை புதுசு கோசலா, மணம் கிணம் பிடிச்சிடும், பாத்துக்கொள்ளும் என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். திரும்பக் கொடுக்கும்போது பத்மினி மெத்தையில் மூக்கை வைத்து மணந்து பார்ப்பாள், பார்த்துவிட்டுக் கோயிலில் சொல்லுவாள். அதனால் முதல்நாள் பின்னேரம் சாமான் ஏற்றும்போது கோசலா ஒரு ஏற்பாடு செய்தாள், தன் கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டே செய்தாள். மணக்கிற சாமான் ஒன்றும் கட்டில் பக்கம் போகக்கூடாது. கட்டில் முன்பக்கம், குளியலறை ஆகப் பின்னால். ஆகவே கருவாடு, மிளகாய்த்தூள் வாளி, வெங்காய மூட்டை, நல்லெண்ணெய்க் கலன், பெரிய அரிசி மூட்டை, மகள் குடும்பம் கடற்கரைப் பக்கமிருந்து வந்து ஏரிக்கரையில் சேர்ந்துகொள்ளும்போது எல்லோருக்கும் சமைக்கவென்று இரும்புச் சட்டி, மா அரைக்கக் கல்லுக் கிரைண்டர், எல்லாம் பின்னால் குளிக்கிற தட்டியில் போய் அடைந்தன. கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் பழைய துவாய் ஒன்றும் திணித்தாள். முன்பக்கம் மெத்தையில் இரண்டு தலையணை மட்டும், பூப்போல. குணநாயகம் வெளியில் நின்று கொளுவியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், உள்ளே வந்து பார்க்கவில்லை. குசினிச் சாமான் ஏற்றுவது அவர் பகுதி இல்லை.

கணவாயின் உச்சியில் லொறிகள் ஒதுங்கி நின்று பிரேக் பார்க்கிற ஒரு வெளி இருந்தது. இறக்கம் எவ்வளவு செங்குத்து, எங்கெங்கே பிரேக் போன வண்டி ஏறி நிற்க மணல் பாதை இருக்கிறது என்று பெரிய பலகையில் படம் போட்டிருந்தார்கள். கோசலா அங்கே நிறுத்தினாள். அவர் இறங்கி, ஒரு கையால் வண்டியைத் தொட்டபடி நடந்துபோய், ஒவ்வொரு சில்லாகக் குனிந்து உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. ட்ரெய்லரின் படி வெளியில் துருத்திக்கொண்டு நின்றது, அவருடைய வட்டத்துக்குள் அது வரவில்லை, முழங்கால் அடிபட்டது. அவர் முழங்காலைத் தடவினார், அவள் பார்த்தாளா என்று பார்த்தார், அவள் பலகையைப் பார்ப்பதுபோல நின்றாள். காற்று ஐஸ் மாதிரி இருந்தது, பைன் மரத்தின் மணமும் எங்கேயோ எரிந்த பிரேக்கின் மணமும். அவளுக்குப் பயமாக இருந்தது. இரண்டு மாதமாக அவர் நித்திரையான பிறகு ஃபோனில் வீடியோ பார்த்துப் பழகியவள், தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன், தொப்பையும் தொப்பியுமாக, ட்ரெய்லர் இழுப்பது எப்படி என்று பாடம் எடுப்பான், அவன் சொன்னது எல்லாம் அவளுக்கு மனப்பாடம், மனப்பாடம் செய்த ஆளுக்குப் பரீட்சை மண்டப வாசலில் வருகிற நடுக்கம்தான் இது. இறக்கத்தில் கியரைக் குறைத்துப் பிடி, எஞ்சின் தாங்கும். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே போகாதே. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு நெம்பு, அதைக் கையால் தள்ளினால் ட்ரெய்லரின் சில்லுகள் மட்டும் பிடிக்கும், பிக்கப் பிடிக்காது. இதையெல்லாம் அவள் ஒருமுறை வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு, மனதில் கிடந்ததை இப்போது சொல்லாவிட்டால் ஒருநாளும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது, அவருடைய சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இஞ்சாருங்கோ. கீழ போய்ச் சேருமட்டும் நீங்கள் றோட்டைப் பாக்கக் கூடாது. என்னையும் பாக்கக் கூடாது. அங்காலை பாருங்கோ."

சரி என்றார் அவர். செய்ய உத்தேசமில்லாத எல்லாவற்றுக்கும் அவர் இப்படித்தான் சரி என்பார்.

இறக்கம் தொடங்கியதும் பாரத்தின் குணம் மாறிவிட்டது. இவ்வளவு நேரமும் வரமாட்டேன் என்று பின்னால் இழுத்தது இப்போது நீ போ, நீ போ என்று தள்ளியது. எஞ்சின் கத்தியது, கத்தட்டும், கத்தினால்தான் தாங்கும். இடப்பக்கம் வெட்டிய பாறை, வலப்பக்கம் இரும்புத் தடுப்பு, தடுப்புக்கு அங்கால் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததற்குள்தான் எல்லாம் இருந்தது என்று அவளுக்கு ஓரக்கண்ணில் தெரிந்தது, ஒரு பெரிய வெளிச்சம், கீழே எங்கேயோ பால்கலந்த பச்சையில் ஒரு ஆறு, அதற்கும் அங்காலே மலைக்குப் பின்னால் மலை நிற்கிற ஒரு நிலை, ஆனால் திரும்பக் கூடாது. அவளுக்குத் திரும்பாமலே வேர்த்தது. ஓரக்கண் இருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்று அந்தக் கணத்தில் விளங்கியது. அவருக்கு அது இல்லை. அவர் மலையைப் பார்த்தால் மலைதான், அப்போது றோட்டு இல்லை, வண்டி இல்லை, அவள் இல்லை. றோட்டைப் பார்த்தால் மலை இல்லை. இரண்டில் ஒன்றுதான் அவருக்குக் கிடைக்கும், இது இத்தனை நாளும் அவள் மண்டையில் ஏறவில்லை, கண்ணாடியைப் பார்க்கிறார் என்று எரிந்து விழுந்துகொண்டிருந்தாள். றோட்டை விடுவதென்றால் அவர் உயிரை அவள் கையில் விட்டுவிட்டுத்தான் பார்க்கவேண்டும். அதை எப்படிக் கேட்டேன், எந்த வாயால் கேட்டேன், நான் என்ன பெரிய சாரதி, என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு அசைவு. குணநாயகம் தலையை வலப்பக்கம் திருப்பினார். கண்ணாடிக்குத்தான் என்று நினைத்தாள். தலை கண்ணாடியில் நிற்காமல் இன்னும் திரும்பியது, யன்னல்வரை போனது, நெற்றி யன்னலில் முட்டியது, பிறகு திரும்பி வரவில்லை. அவருடைய பின்கழுத்து மட்டும் தெரிந்தது, நரைத்த மயிரும், காதுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடிக் கம்பி அழுத்திய தழும்பும். ஒரு வளைவு போனது, அவர் திரும்பவில்லை. அடுத்த வளைவும் போனது. கால் இல்லாத பிரேக்கைத் தேடவில்லை. பார்க்கிறார். ஐயோ, மனிதர் பார்க்கிறார். அவளுக்கு முன்னால் றோட்டு ஒருதரம் மங்கியது, கண்ணைக் கொட்டிக் கொட்டித் தெளிவாக்கிக்கொண்டாள், அழுகிற இடமா இது.

அப்போதுதான் இடப்பக்கம் ஒரு பெரிய லொறி முந்திக்கொண்டு போனது. போன லொறி காற்றை இழுத்துக்கொண்டு போனது, காற்று பின்னால் வருகிற வீட்டைத் தொட்டது. முதலில் இடுப்பை யாரோ மெல்ல அசைத்ததுபோல ஒன்று. பிறகு மற்றப் பக்கம், கொஞ்சம் கூடுதலாக. பிறகு இந்தப் பக்கம், அதைவிடக் கூட. கண்ணாடியில் ட்ரெய்லரின் வெள்ளை முதுகு கோட்டைத் தாண்டி வெளியில் போய், மறைந்து, மற்றக் கண்ணாடியில் வந்தது. பிக்கப்பின் பின்பக்கம் வழுக்கியது. அவள் மூளைக்குள் ஒன்றல்ல பத்துக் கோசலா ஒரே நேரத்தில் கத்தினார்கள். பிரேக்கை மிதி என்றது கால். மிதியாதே என்றான் தாடிக்காரன். ஸ்டியரிங்கை மற்றப் பக்கம் வெட்டு என்றது கை, வெட்டினால் போச்சு என்றான் தாடிக்காரன். பாரம் முன்னால் இருக்கவேண்டும், பின்னால் வைத்தால் வால் ஆடும், என்றும் அவன் சொன்னான், அதைக் கேட்டுத் தலையாட்டிய அதே ஆள்தான் அரிசி மூட்டையையும் கல்லுக் கிரைண்டரையும் ஆகப் பின்னால் கொண்டுபோய் அடைத்தாள், பத்மினி மணந்து பார்ப்பாள் என்பதற்காக, ஒரு மெத்தைக்காக, ஒரு கருவாட்டுக்காக. கருவாடு ஆட்டுகிறது. எங்களைக் கருவாடு ஆட்டுகிறது. சிரிப்பா பயமா என்று தெரியாத ஒன்று வாய்வரை வந்தது. அவரைக் கூப்பிடு. இஞ்சாருங்கோ என்று ஒரு சொல், கூப்பிட்டால் திரும்புவார், திரும்பினால் அவருக்குத் தெரியும், எத்தனை இறக்கத்தில் எத்தனை பாரத்தை அடக்கிய கை, சொல்லித் தருவார், அவள் செய்வாள், பிழைத்துக்கொள்ளுவார்கள். சொல் நாக்கின் நுனியில் வந்து நின்றது. அவள் ஒரு கண்வெட்டு அந்தப் பக்கம் பார்த்தாள். பின்கழுத்து அசையாமல் இருந்தது. கோயிலில் தீபம் காட்டும்போது எக்கிப் பார்க்கிற ஆளின் கழுத்து. திரும்பினால் அவர் இனி இந்த இறக்கம் முழுக்கவும், இந்தப் பயணம் முழுக்கவும் றோட்டைத்தான் பார்ப்பார், வட்டம் சுருங்கி மூடும்வரைக்கும் றோட்டைத்தான் பார்ப்பார். கோசலா சொல்லை விழுங்கினாள். அது கருவாட்டு முள்ளுப்போல இறங்கியது. வலது காலை எல்லாவற்றிலுமிருந்து தூக்கினாள். ஸ்டியரிங்கை நேராக, மூச்சையும் நேராகப் பிடித்தாள். இடக்கையால் பிடித்துக்கொண்டு, வலக்கையை எடுத்து, கீழே தடவி, பெட்டியைத் தொட்டு, நெம்பைத் தள்ளினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் தள்ளினாள். பின்னால் யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்ததுபோல ஒரு இழுவை, ட்ரெய்லர் தன் சில்லுகளைத் தானே பிடித்துக்கொண்டது, கொளுவி இறுகியது, வால் ஒருதரம் ஆடியது, அரைவாசி ஆடியது, பிறகு யோசித்தது, பிறகு வரிசையில் வந்து நின்ற பிள்ளை மாதிரி அவளுக்குப் பின்னால் நேராக வந்தது. லொறி தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் பழையபடி கத்தியது. எவ்வளவு நேரம் அது? ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையிலான நேரம். அவ்வளவுதான் இருக்கும்.

மிச்ச இறக்கத்தை ஊர்ந்தே இறங்கினாள். பின்னால் வரிசையாக வாகனம் சேர்ந்தது, யாரோ ஹோர்ன் அடித்தான், அடிக்கட்டும், இனி அவளை அவசரப்படுத்த ஒருவனும் இந்த உலகத்தில் பிறக்கவில்லை. றோட்டோரம் ஆறு தெரிகிற ஒரு ஒதுக்கிடம் வந்ததும் திருப்பி, நிறுத்தி, எஞ்சினை நூர்த்தாள். சத்தம் நின்றதும் ஸ்டியரிங்கில் இருந்த கையை எடுக்க முடியவில்லை, விரல் விரலாகப் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது. முதுகுச் சட்டை ஒட்டிப்போயிருந்தது. அவரிடம் இதைச் சொல்லவேண்டும், சாமானை மாற்றி அடுக்கவேண்டும், அரிசி மூட்டை கட்டிலுக்குப் போகவேண்டும், கருவாடும் போகட்டும், பத்மினி மணக்கட்டும். சொன்னால் அவர் என்ன சொல்லுவார்? இனி ஓட்டவேண்டாம் என்பாரா? யாரையாவது கூப்பிட்டு வண்டியைத் திருப்பி எடுக்கச் சொல்லுவாரா? அதைவிட, நான் றோட்டைப் பார்க்காமல் விட்டுவிட்டேனே என்று மனம் உடைந்துபோவாரா? சொல்லாமல் விடலாம். இரவு அவர் படுத்த பிறகு மெல்லச் சாமானை மாற்றிவிடலாம். அவர் நெற்றி இன்னும் யன்னலில்தான் இருந்தது. மூச்சு பட்டுக் கண்ணாடியில் ஒரு வட்டம் ஆவிப் புகார் கட்டியிருந்தது, அவர் அதைச் சட்டைக்கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறார், துடைத்த ஈரம் கோடு கோடாகக் கிடந்தது. மெதுவாக, முழுத் தலையையும் திருப்பி, அவர் அவளைப் பார்த்தார். கண் இரண்டும் சிவந்து கலங்கியிருந்தன.

"கன நேரம் ஆடிச்சுது," என்றார்.

அவளுக்கு ஒருகணம் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "தெரிஞ்சதே உங்களுக்கு?"

"முதல் ஆட்டத்திலயே தெரிஞ்சது. சீற்றுக்குள்ளால தெரியும்."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?" குரல் அவளை அறியாமல் உயர்ந்தது. "செத்திருப்பமெல்லே."

அவர் அதை மறுக்கவில்லை. யன்னலில் மிச்சமிருந்த ஈரத்தைச் சட்டைக்கையால் துடைத்தார்.

"சொன்னால் நீர் என்னைப் பாப்பீர், நான் உம்மைப் பாக்கோணும்," என்றார். "பிறகு மலையை ஆர் பாக்கிறது?"

கோசலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. அவர் தன் பக்கத்து யன்னலை இறக்கிவிட்டு, அவள் பார்ப்பதற்கு இடம் விட்டு, சீற்றில் நன்றாகப் பின்னால் சாய்ந்துகொண்டார். குளிர் காற்று உள்ளே வந்தது, ஆற்றின் இரைச்சல் வந்தது. அவள் காலையிலிருந்து முதல்தடவையாக றோட்டை மறந்து, அவருடைய நெஞ்சுக்கு மேலால் எட்டி, அந்தப் பக்கம் பார்த்தாள்.